ஓசூரில் கடை, அத்திப்பள்ளியில் கஸ்டமர்... உங்கள் ஆன்லைன் பில் சரியா?

ஓசூரில் பஸ் ஏறி ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகா. அடுத்து அத்திப்பள்ளி. பக்கத்து ஊர்தான், ஆனால் பில்லில் அது வேறு மாநிலம்!

ஆன்லைனில் வந்த ஆர்டரைத் தமிழ்நாட்டுக்குள் அனுப்பினால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என வரி பாதிப் பாதியாகப் பிரியும். அத்திப்பள்ளிக்கு அனுப்பினால் முழுவதும் ஐஜிஎஸ்டி. மொத்தத் தொகை ஒன்றுதான், போய்ச்சேரும் கணக்கு வேறு. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து இதுதான் நடைமுறை.

சிக்கல் எங்கே?

ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் போன்றவற்றில் ஆன்லைன் கடை இருக்கும். ஸ்டாக்கும் கணக்கும் டேலியிலோ ஸோஹோவிலோ இருக்கும். இரண்டையும் இணைக்காவிட்டால், ஒவ்வோர் ஆர்டரையும் யாராவது உட்கார்ந்து டைப் செய்ய வேண்டும். அதற்குள் கடையில் இருந்த 10 டின் மாம்பழக்கூழில் 6 நேரில் விற்றிருக்கும். வெப்சைட்டோ இன்னும் 10 என்றே காட்டும். அங்கே ஒருவர் 8 டின்னுக்குப் பணம் கட்டிவிட்டால் கெட்ட பெயர்தான் மிச்சம்.

இணைக்கும் முன் கவனிக்க...

* ஒரு பொருளுக்கு இரண்டு இடத்திலும் ஒரே குறியீடு வையுங்கள். பெயரை நம்பினால் 'மாம்பழக்கூழ்' ஒரு பொருளாகவும் 'மேங்கோ பல்ப்' இன்னொரு பொருளாகவும் பதிவாகிவிடும்.

* ஸ்டாக் எண்ணிக்கையைக் கணக்கு மென்பொருள் மட்டுமே சொல்லட்டும். வெப்சைட் அதை வாங்கிக் காட்டினால் போதும்.

* மாநிலத்தை கஸ்டமர் பட்டியலிலிருந்து தேர்வு செய்யட்டும். பின்கோடின் முதல் இரண்டு எண்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். சென்னை, புதுச்சேரி இரண்டுக்கும் 60-தான்! வாங்குபவர் ஜிஎஸ்டி எண் கொடுத்தால் தொடக்கத்தைப் பாருங்கள்: 33 தமிழ்நாடு, 29 கர்நாடகா.

* கிருஷ்ணகிரி மாம்பழத்தைப் பழமாக விற்றால் வரி இல்லை, கூழாக விற்றால் உண்டு. பொருள் வாரியாக வரியைப் பதியுங்கள்.

* ரத்தான ஆர்டரும் திரும்பி வந்த பொருளும் கணக்கில் ஏற வேண்டும்.

* டேலி கடைக் கம்ப்யூட்டரில் இயங்கினால், அது அணைந்திருக்கும்போது வரும் ஆர்டர் உடனே கணக்கில் ஏறாது. அதைத் திரும்ப ஆன் செய்ததும் விடுபட்டவை தானாக ஏறுமா என்று இணைப்பு செய்து தருபவரிடம் கேளுங்கள்.

நான்கு சோதனை ஆர்டர்கள்

தமிழ்நாட்டு முகவரிக்கு ஒன்று, கர்நாடகாவுக்கு ஒன்று, ரத்து செய்ய ஒன்று, கடைசி ஒரு டின்னுக்கு ஒன்று எனப் போட்டுப் பாருங்கள். நான்கும் கணக்கில் சரியாக வந்த பிறகு கடையைத் திறக்கலாம். அந்தச் சோதனை பில்களை ஆடிட்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

வரி இடம் மாறிப் போனால், சரியான கணக்கில் மறுபடி கட்டிவிட்டு, முன்பு கட்டியதைத் திரும்பப் பெற விண்ணப்பிக்க வேண்டும். வட்டி கேட்க மாட்டார்கள். ஆனால், பணம் வந்து சேரும்வரை முடங்கிக் கிடப்பது உங்கள் முதல்தான்.

வீட்டிலிருந்தே விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வரி உள்ள பொருளை எல்லை தாண்டி அனுப்பினால், சில கைவினைப் பொருட்கள் தவிர மற்றவற்றுக்கு, விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அத்திப்பள்ளியிலிருந்து வரும் முதல் ஆர்டருக்கும் இது பொருந்தும்.