மியூவான் பம்பரமும் சூப்பர்சிமெட்ரியும்

எலக்ட்ரானுக்கு ஒரு குண்டு அண்ணன் உண்டு, பேரு மியூவான். நிறை 207 மடங்கு, ஆயுள் வெறும் 2.2 மைக்ரோ செகண்ட். காந்தப்புலத்தில் விட்டால் சாய்ந்த பம்பரம் மாதிரி தலையைச் சுற்றும். எவ்வளவு வேகமா சுற்றுதுன்னு சொல்ற எண்தான் ‘ஜி’. டிராக் சமன்பாட்டின்படி அது சரியாக 2. ஆனா அளந்தா 2.00233!

அந்த மிச்சம் எங்கேருந்து வருது? வெற்றிடம் காலி இடம் இல்லை. அங்கே துகள்கள் கணநேரம் தோன்றி மறையும். ஒவ்வொன்றும் ஜி-யைக் கொஞ்சம் மாற்றும், நாம இன்னும் கண்டுபிடிக்காத துகள் உட்பட. அதனால் தெரிந்த துகள்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு, அளவீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாங்க.

இதில் சூப்பர்சிமெட்ரிக்கு என்ன வேலை? ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடி உண்டு என்கிறது அந்தக் கோட்பாடு: மியூவானுக்கு ஸ்மியூவான், கூடவே சார்ஜினோ, நியூட்ராலினோ. இவை தரும் மாற்றம் நிறையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம், ‘டான் பீட்டா’ என்ற எண்ணுக்கு நேர்விகிதம்.

ஆயிரம் கோடியில் ஒரு பங்கை ஒரு யூனிட்னு வைங்க. டான் பீட்டா 10, ஜோடிகளின் நிறை 100 ஜிஇவி என்றால், ஜி-யின் மிச்சத்தில் பாதி சுமார் 130 யூனிட் மாறும். நிறை 500 ஆனால் மாற்றம் 5 யூனிட்தான். டான் பீட்டா 50 என்றால் அதே 500-இல் 26 யூனிட்.

2021-இல் ஃபெர்மிலாப் முதல் முடிவை வெளியிட்டபோது, கணக்குக்கும் அளவீட்டுக்கும் இடைவெளி 25 யூனிட். கடைசியாகச் சொன்ன மாடலுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை! ஆனால் 2025-இல் கோட்பாட்டுக் கணக்கு லாட்டிஸ் முறையில் திருத்தப்பட்டது. இப்போ இடைவெளி சுமார் 4 யூனிட், பிழை வரம்பு 6. அதாவது வித்தியாசம் இருக்குன்னே சொல்ல முடியாது.

அப்போ சூப்பர்சிமெட்ரி செத்துப்போச்சா? இல்லை. முன்பு அந்த இடைவெளியை விளக்க, ஜோடித் துகள்கள் ‘இதைவிடக் கனமா இருக்கக் கூடாது’ என்ற உச்சவரம்பு இருந்தது. இப்போ அது போய், ‘இதைவிட லேசா இருக்கக் கூடாது’ என்ற கீழ்வரம்பு மட்டும் மிச்சம். டான் பீட்டா எவ்வளவு பெரிசோ, அந்த வரம்பும் அவ்வளவு மேலே போகும்.

அளவீட்டின் பிழை ஏற்கெனவே 1.5 யூனிட்தான். வரம்பை இன்னும் இறுக்கணும்னா, அடுத்து துல்லியமாக வேண்டியது கணக்கு!