வேரடி உப்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

குடித்தால் கரிக்காத பாசன நீரிலும் உப்பு உண்டு. லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்புள்ள நீரை ஒரு ஹெக்டேருக்கு ஆண்டில் ஒரு மீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால், 3 டன் உப்பு வயலுக்குள் வந்துவிடும். பயிர் நீரை உறிஞ்சிக்கொண்டு உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும். மழையோ வடிகாலோ அதை வெளியேற்றாவிட்டால், வேரடியில் ஏறிக்கொண்டே போகும்.

கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதியில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. கடலடியில் படிந்த பாறைகள் சிதைந்து உருவான மண் அது. உப்போடு செலினியமும் இருக்கிறது. வயல்களின் வடிநீரைக் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்துக்கு விட்டார்கள். 1983-இல் அங்கே அந்தச் செலினியத்தால் பறவைக் குஞ்சுகள் கண்ணும் அலகும் காலும் சிதைந்து காணப்பட்டன. இப்படிப்பட்ட நிலத்தில் உப்பைக் கழுவி எங்காவது தள்ளிவிட முடியாது. எந்த மூலையில் எவ்வளவு என்று தெரிந்தே தீர வேண்டும்.

உப்பு வெள்ளையாகப் பூத்தபின் பார்ப்பது காலங்கடந்த வேலை. மண்ணில் நீர் விட்டுக் குழைத்து, பளபளவென்று மின்னும் பதத்தில் வடித்தெடுத்த நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தொட்டால் அது உவர் மண். பருத்தியும் பார்லியும் அதைத் தாங்கும். பீன்ஸுக்கும் ஸ்ட்ராபெரிக்கும் அது 1-ஐத் தாண்டினாலே விளைச்சல் குறையும்.

வயல் முழுக்கத் தோண்ட முடியாதே? அதற்குத்தான் மின்காந்தக் கருவி. மண்ணைத் தொடாமலே சுமார் ஒன்றரை மீட்டர் ஆழம்வரை மின்கடத்தலை அளக்கும். அதை ஜிபிஎஸ்ஸோடு வண்டியில் கட்டி இழுத்தால் வயலில் இடத்துக்கு இடம் மாறும் அளவுகள் பதிவாகிவிடும். ஆனால் ஈரமும் களிமண்ணும்கூட அளவைக் கூட்டிக் காட்டும். கருவியை மட்டும் நம்பக்கூடாது. அளவு கூடிய இடம், குறைந்த இடம், நடுத்தரம் என்று சில இடங்களில் மண் எடுத்து, ஆய்வகத்தில் சோதித்துச் சரிபார்க்க வேண்டும்.

சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதி முழுவதற்கும் செயற்கைக்கோள் படங்கள் உதவின. வயலில் பசுமை குறைவதற்கு வறட்சி, பூச்சி, தரிசு என்று காரணம் பல. அவை ஆண்டுக்கு ஆண்டு மாறும், உப்பு அவ்வளவு சீக்கிரம் மாறாது. அதனால் 2007 முதல் 2013 வரையிலான லேண்ட்சாட் படங்களில், ஒவ்வொரு இடத்திலும் பயிர் மிகச் செழித்த ஆண்டை மட்டும் ஆய்வாளர்கள் எடுத்தார்கள். அந்த ஆண்டிலும் பயிர் சோர்ந்திருந்தால் உப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். எளிமையான யோசனை, ஆனால் அருமையானது.

வரைபடம் கையில் இருந்தால், உப்பேறிய மூலைக்கு மட்டும் கூடுதல் நீர் பாய்ச்சிக் கழுவலாம். அங்கே பீன்ஸை விட்டுப் பார்லி போடலாம். வறட்சி ஆண்டுகளில் கழுவும் நீர் குறைந்து உப்பு மறுபடி ஏறும் என்பதால், சில ஆண்டுகளுக்கொருமுறை புதிதாக அளக்க வேண்டும்.