மண்ணும் சொல்லும்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த தொன்மையான ஊர் விருத்தாசலம். திருமுதுகுன்றம் என்பது இதன் பழந்தமிழ்ப் பெயர். பழமலை என்றும் இதனை வழங்குவர். தேவாரம் பாடிய மூவராலும் போற்றப்பெற்ற திருக்கோயில் இவ்வூரின்கண் உள்ளது. சென்னையினின்று திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் இருப்புப் பாதையும், கடலூரினின்று சேலத்துக்குச் செல்லும் இருப்புப் பாதையும் கூடும் சந்திப்பு நிலையமும் இதுவே. கோயிலாலும் இரயிலாலும் பெயர்பெற்ற இவ்வூருக்கு மற்றுமொரு சிறப்பு உண்டு. அது பீங்கான் தொழில்.

விருத்தாசலத்துக்கு அண்மையில் உள்ளது நெய்வேலி. அங்கே 1956ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் நிறுவப்பெற்றது. நிலக்கரிக்கு மேலே படிந்துள்ள மண் அடுக்குகளுள் பீங்கானுக்கு ஏற்ற வெண்களிமண்ணும் உண்டு. விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை ஒன்று இயங்குகின்றது. பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் இருக்கின்றது. தேநீர்க் கிண்ணங்கள், ஊறுகாய் ஜாடிகள், கொலுப் பொம்மைகள், அகல் விளக்குகள், மின்சாரப் பியூஸுக்குரிய பீங்கான் பகுதிகள் முதலியன இவ்வூரின் சிறு தொழிற்கூடங்களில் உருவாகின்றன.

களிமண்ணோடு பெல்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகிய கற்களின் பொடியைச் சேர்த்து, நீர்விட்டுக் கூழாகக் கலக்குவர். அக்கூழைப் பாரிஸ் சாந்தினாலாகிய அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்சுவரில் மண் தோல்போலப் படியும். மிகுந்த கூழை வடித்துவிட்டு, படிந்த உருவை எடுத்து உலர்த்துவர். பின்னர்க் கண்ணாடி போன்ற பூச்சினை அதற்கு இட்டு, சூளையிலே அடுக்கிச் சுடுவர். உயர்ந்த பீங்கானுக்கு 1200 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். இத்துணைப் பாடுபட்டுச் செய்த கிண்ணம், செய்தவர் கொட்டகையிலேயே தூசு படிந்து கிடக்குமாயின் பயன் யாது? அதனை வேண்டுவோர் சென்னையிலோ மதுரையிலோ இருப்பர். செய்வோரையும் வேண்டுவோரையும் இணைப்பது சொல். அச்சொல் வாணிகத்தில் கடிதமாகவும், வேலை தேடும்போது விண்ணப்பமாகவும் வடிவெடுக்கின்றது. இவ்விரண்டையும் செம்மையாக ஆளும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

முதலில் வாணிகக் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். வெளியூர்க் கடைக்காரர் ஒருவர், "நூறு மில்லிமீட்டர் உயரமுள்ள கிண்ணங்கள் ஐந்நூறு அனுப்புக" என எழுதினார் என்று கொள்வோம். பார்வைக்கு இது தெளிவான கடிதமே. ஆயினும், பீங்கான் தொழில் அறிந்தவர் உடனே ஒரு வினாவை எழுப்புவர். நூறு மில்லிமீட்டர் என்பது பச்சை மண்ணாக இருக்கும்போதா, சுட்டு எடுத்த பின்னரா? களிமண் உலரும்போது சுருங்கும். சூளையில் வேகும்போது மேலும் சுருங்கும். ஒரு மண்கலவை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு சுருங்குவதாயின், நூறு மில்லிமீட்டராக வார்த்த கிண்ணம் தொண்ணூறு மில்லிமீட்டராகவே சூளையிலிருந்து வெளிவரும். சுட்ட பின்னர் நூறு வேண்டுமாயின், ஏறத்தாழ நூற்றுப் பதினொரு மில்லிமீட்டராக வார்த்தல் வேண்டும். "சுட்ட பின் அளவு" என்னும் மூன்று சொற்களை எழுதாமையால் ஐந்நூறு கிண்ணங்கள் வீணாகலாம். வெந்த பீங்கானை மீண்டும் கரைத்து மண்ணாக்குதல் இயலாது. ஆகவே, ஐயமுற்ற இடத்தில் கேட்டுத் தெளிதல் அறியாமையன்று, அதுவே தொழிலறிவு.

நல்ல வாணிகக் கடிதத்தில் சில செய்திகள் தவறாது இடம்பெறல் வேண்டும். எழுதுவோர் பெயரும் முகவரியும், பெறுவோர் பெயரும் முகவரியும், நாளும், கடிதத்தின் பொருளும் தலைப்பகுதியில் அமையும். உடற்பகுதியில் சரக்கின் பெயர், அளவு, நிறம், எண்ணிக்கை, விலை, அனுப்பும் வழி, சேரவேண்டிய நாள், பணம் செலுத்தும் முறை, வழியில் உடைந்தால் பொறுப்பு யாருடையது என்பன வரும். முகவரி எழுதுவது எளிய செயல் எனப் பலர் எண்ணுவர். விருத்தாசலம் என்னும் பெயரையே ஆங்கிலத்தில் எழுதுவோர் வெவ்வேறு எழுத்துக் கூட்டி எழுதுகின்றனர். இத்தகைய குழப்பங்களை நீக்கவே, 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் இந்திய அஞ்சல் துறை ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஊர்ப் பெயர் எழுத்துப் பிறழ்ந்தாலும் எண் சரியாக இருப்பின் கடிதம் உரிய இடத்தை நாடும்.

சொல்லால் முழுதும் விளக்கவியலாத இடத்தில் மாதிரி துணைசெய்யும். "இளநீலம்" என எழுதினால் ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வொரு நீலம் தோன்றும். ஆதலால், ஒரு மாதிரிக் கிண்ணத்தை அனுப்பி, அதுபோன்ற மற்றொன்றைத் தம்மிடமும் வைத்துக்கொள்வது வணிகர் வழக்கம். இவ்வழக்கம் புதிதன்று. சுந்தரர் திருமுதுகுன்றத்து இறைவனிடம் பன்னீராயிரம் பொன் பெற்று, அதனை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் எனப் பெரிய புராணம் கூறும். ஆற்றில் இடுமுன் அப்பொன்னில் ஒரு சிறு துண்டை வெட்டி மாதிரியாக அவர் வைத்துக்கொண்டார் என்பதும், குளத்தில் எடுத்த பொன்னை அதனோடு ஒப்பிட்டு மாற்றுப் பார்த்தார் என்பதும் அவ்வரலாற்றிலேயே வருகின்றன. இறைவனிடம் பெற்ற பொருளுக்கே மாதிரி வேண்டியிருந்ததாயின், மனிதர் வாணிகத்திற்கு அது வேண்டுவது சொல்லவும் வேண்டுமோ?

வாணிகத்தில் காலமும் ஒரு பொருளே. கொலுப் பொம்மைக்கு நவராத்திரியும் அகல் விளக்குக்குக் கார்த்திகையும் எல்லை. விழா முடிந்த மறுநாள் வந்து சேரும் பொம்மை அடுத்த ஆண்டுவரை அலமாரியில் உறங்கும். மழையினால் உருக்கள் உலரவில்லை. எனவே சூளை மூட்டுதல் பத்து நாள் தாழும் என்று கொள்வோம். அதனை மறைத்து, கடைசி நாளில் சொல்லுதல் தகாது. அறிந்த அன்றே கடைக்காரருக்கு எழுதிவிட்டால், அவர் வேறு வழி தேடிக்கொள்வார். நம்மிடம் சினம் கொண்டாலும் நம்பிக்கை இழக்கமாட்டார். குறை கூறி வரும் கடிதத்துக்கு விடை எழுதும்போதும் இம்முறையே நன்று. முதலில் குறையைக் கேட்டறிந்தமையைக் கூறுக. தவறு நம்முடையதாயின் ஒப்புக்கொள்க. எவ்வாறு, எந்நாளுக்குள் சரிசெய்வோம் என்பதைத் திட்டமாக எழுதுக. சினத்தோடு எழுதிய விடையை ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் படித்துத் திருத்தி அனுப்புவது அறிவுடைமை. மின்னஞ்சலும் கைப்பேசிச் செய்தியும் நொடியில் சென்று சேர்வன. ஆதலால் அவற்றில் இவ்வெச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும்.

இனி, விண்ணப்பத்துக்கு வருவோம். விருத்தாசலத்துக்கு அருகே மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் திருக்கோயில் உள்ளது. முருகப்பெருமானே கொளஞ்சியப்பராக அங்கு எழுந்தருளியுள்ளார் என்பர். விருத்தாசலத்து அரசு கலைக் கல்லூரியும் அவர் பெயரையே தாங்கியுள்ளது. இக்கோயிலில் "பிராது கட்டுதல்" என்னும் வழக்கம் உண்டு. தம் குறையை ஒரு தாளில் எழுதி, இறைவனுக்கு முறையீடாகக் கட்டிவிட்டுச் செல்வது அவ்வழக்கம். 90 நாளில் குறை தீரும் என்பது மக்கள் நம்பிக்கை. தீர்ந்த பின்னர், வழக்கைத் திரும்பப் பெறுவதுபோல "ராஜினாமா" செய்தலும் உண்டு. எல்லாம் அறிந்த இறைவனிடமும் ஊரையும் பேரையும் வேண்டுவதையும் எழுத்தில் வைக்கும் வழக்கம் இது. அவ்வாறாயின், நம்மை ஒருநாளும் கண்டறியாத அலுவலருக்கு எழுதும் விண்ணப்பம் எத்துணைத் தெளிவாக இருத்தல் வேண்டும்!

பலர் எழுதும் விண்ணப்பம் எவ்வாறு உள்ளது? "யான் கடின உழைப்பாளி, நேர்மையானவன், எவ்வேலையும் செய்வேன், தயைகூர்ந்து வாய்ப்பளிக்க வேண்டுகிறேன்" என்று அது நடக்கின்றது. இச்சொற்களை எவரும் எழுதலாம், சோம்பலுடையவனும் எழுதலாம். ஆதலால் அவை எழுதியவனைப் பற்றி ஒன்றும் உணர்த்துவதில்லை. மற்றொரு மாணவன் எழுதுவதைக் காண்க: "யான் விடுமுறையில் எட்டு வாரம் ஒரு பீங்கான் கூடத்தில் பணிபுரிந்தேன். சூளையில் ஏற்றிய உருக்கள் எத்தனை, உடைந்தவை எத்தனை என்னும் கணக்கை நாள்தோறும் எழுதி வந்தேன். மிகுதியாக உடைந்தவை சூளை வாயிலுக்கு அருகில் அடுக்கியவை என்பதை அக்கணக்கால் கண்டு மேலாளருக்கு உணர்த்தினேன்." இவன் தன்னை உழைப்பாளி என்று சொல்லவில்லை, படிப்பவர் தாமே அவ்வாறு முடிவுசெய்கின்றார். புகழ்ச்சியைக் குறைத்துச் செயலைக் கூறுதலே விண்ணப்பத்தின் உயிர்.

விண்ணப்பம் எழுதுமுன் விளம்பரத்தை இருமுறை படித்தல் வேண்டும். கேட்கப்பெற்ற தகுதி யாது, இணைக்கவேண்டிய சான்றுகள் யாவை, கடைசி நாள் எது என்பனவற்றைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். தன்விவரக் குறிப்பு ஓரிரு பக்கங்களில் அடங்குதல் நன்று. இல்லாத பட்டத்தையோ பழக்கத்தையோ எழுதுதல் கூடாது. பூச்சினால் மறைத்த விரிசல் சூளையில் வெளிப்படுவதுபோல, பொய் நேர்முகத் தேர்வில் வெளிப்பட்டுவிடும்.

நேர்முகத் தேர்வு என்றதும் நாட்டுப்புறத்து மாணவர் பலர் அஞ்சுகின்றனர். ஆங்கிலம் சரளமாக வரவில்லையே என்பது அவர்தம் முதற்கவலை. கல்லூரியில் நன்கு கற்ற ஒருவன், தனக்குத் தெரிந்த சூளையைப் பற்றிக் கேட்டபோதும் வாயடைத்து நின்று வாய்ப்பை இழப்பானாயின், அது அவனுக்கு மட்டுமன்று, அவனை வளர்த்த குடும்பத்துக்கும் இழப்பாகும். இவ்வச்சத்துக்கு மருந்து பயிற்சியே. தன் தொழிலைப் பற்றி மூன்று நிமிடம் முதலில் தமிழில் தெளிவாகச் சொல்லிப் பழகுக. கருத்து தெளிந்த பின்னர், அதனையே சிறு சிறு ஆங்கிலத் தொடர்களாகச் சொல்லிப் பழகுக. நண்பர் ஒருவரை எதிரே அமர்த்தி வினாக் கேட்கச் செய்க. தெரியாத வினாவுக்கு, "தெரியவில்லை, கற்றுக்கொள்வேன்" என்று அமைதியாகக் கூறுவது இழிவன்று. தேர்வின் இறுதியில், அங்குச் செய்யவேண்டிய பணியைப் பற்றி நாமும் ஒன்றிரண்டு வினாக்களைப் பணிவோடு கேட்கலாம். வேலையில் உண்மையான நாட்டம் உடையவரே அவ்வாறு கேட்பர்.

வேலைக்கு முன்படியாக அமைவது தொழிற்பயிற்சி. 1961ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தொழில் பழகுநர் சட்டம், 1973ஆம் ஆண்டின் திருத்தத்தால் பட்டமும் பட்டயமும் பெற்றவர்க்கும் விரிவாக்கப்பட்டது. அதன்வழி, உதவித்தொகை பெற்றுக்கொண்டே தொழிற்சாலையில் பயிலலாம். தமிழ்நாட்டு அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய "நான் முதல்வன்" திட்டமும் மாணவர்க்குத் திறன் பயிற்சி அளிக்கின்றது. இத்தகைய நேரிய வழிகள் இருக்க, "முன்பணம் கட்டினால் வேலை உறுதி" என்று கூறுவோரை நம்பி வீட்டு நகையை அடகு வைத்து ஏமாறுவோரும் உளர். வேலை தருபவர் ஊதியம் கொடுப்பவரே அன்றிப் பணம் கேட்பவர் அல்லர். அவ்வாறு கேட்டுக் கடிதம் வருமாயின், அந்நிறுவனத்தின் முகவரியை நேரிலோ தொலைபேசியிலோ தேடி உறுதிசெய்தல் வேண்டும். நன்கு எழுதக் கற்றவனே பிறர் எழுதியதில் உள்ள பொய்யையும் காணவல்லவன்.

தமிழ் மரபில் இக்கலைக்குச் சிறந்த இடம் உண்டு. பரிசில் பெற்ற புலவன், பெறாதவனுக்கு வள்ளலின் ஊரையும் வழியையும் எடுத்துக்கூறுவது ஆற்றுப்படை. பாணபத்திரருக்குப் பொருள் கொடுத்து அனுப்புமாறு ஆலவாய் இறைவன் சேரமான் பெருமாளுக்கு விடுத்ததாகக் கூறும் திருமுகப் பாசுரம் பதினோராம் திருமுறையில் முதலில் நிற்கின்றது. விடுப்பவர் யார், பெறுபவர் யார், கொண்டுவருபவர் யார், செய்யவேண்டுவது யாது என்னும் நான்கும் அச்சிறு பாடலில் அடங்கியுள்ளன. வாய்ப்புப் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுதல் நம் முன்னோர் கண்ட அறமாகும். நீங்கள் வேலை பெற்ற பின்னர், உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சென்று இளையோருக்கு ஒரு விண்ணப்பம் எழுதக் கற்பிப்பீர்களாயின், நீங்களும் ஆற்றுப்படுத்தியவரே ஆவீர்கள்.

மண் எங்கும் கிடக்கின்றது. அளவறிந்து கலந்து, அச்சறிந்து வார்த்து, வெப்பமறிந்து சுடுவோர் கையில் அது கிண்ணமாகின்றது. சொல்லும் அத்தகையதே. அதனை உண்மையோடு கலந்து, தெளிவோடு வார்த்து, பணிவோடு வழங்கப் பழகுவோமாக. கைத்தொழிலும் சொல்திறனும் ஒருங்கே பெற்றவர் எவ்வூரிலிருப்பினும் வாழ்வு பெறுவர். தம் ஊரையும் வாழ்விப்பர்.