34 இலட்சம் ரூபா எஸ்டிமேட்டும் நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வியும்

"நானா, முழு கியர்பொக்ஸையும் மாத்தணுமாம். 34 இலட்சமாம்."

2024 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு மாலை நேரம் தம்பி தொலைபேசியில் இதைச் சொன்னார். குரலில் கோபம் இருக்கவில்லை, வெட்கம்தான் இருந்தது. கட்டாரில் பதினொரு வருடங்கள் உழைத்த காசில், 2018 இல் அவர் ஆசையாக வாங்கிய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் அது. அதை விற்று, பாதியில் நிற்கும் வீட்டைக் கட்டி முடிக்க நினைத்திருந்தார். வாகன இறக்குமதி 2020 மார்ச் முதல் நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய கார்களுக்கு நல்ல விலை இருந்தது. ஆனால் கியர் விழாத காரை யார் வாங்குவார்?

ஊரில் சிலர், "ஸ்போர்ட்ஸ் கார் ஓடுற ஆளுக்கு இதெல்லாம் ஒரு காசா" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் தம்பி முகவர் நிறுவனத்தில் எதையும் கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்திருந்தார். அந்த நிறுவனத்தையோ காரையோ நான் இங்கு பெயர் சொல்லப் போவதில்லை. அன்றிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டது ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கு மட்டுமல்ல, ஹைபிரிட் கார் வைத்திருக்கும் ஆசிரியருக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

ஏன் இவ்வளவு விலை?

முதலில் நியாயமாகப் பேசுவோம். முகவர் நிறுவனத்தின் விலை அதிகமாக இருப்பதெல்லாம் ஏமாற்று அல்ல.

ஸ்போர்ட்ஸ் கார்கள் குறைந்த எண்ணிக்கையில் தயாரிக்கப்படுகின்றன. அதனால் ஒவ்வொரு பாகத்தின் விலையும் கூடுகிறது. சிறிய உடலுக்குள் பெரிய இயந்திரத்தை அடைத்து வைத்திருப்பதால் வேலை நேரமும் கூடுகிறது. உதாரணமாக, 1990களில் வந்த ஃபெராரி எஃப்355 காரில் டைமிங் பெல்ட்டை மாற்றுவதற்கு இயந்திரத்தையே கழற்றி வெளியே எடுக்க வேண்டும். பெல்ட்டின் விலை சிறிது, கூலிதான் பெரிது.

அதற்கு மேல் எங்கள் நாட்டின் சுமை இருக்கிறது. 2022 மார்ச் மாதத்துக்கு முன்னர் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், சில வாரங்களிலேயே 300 ரூபாவைத் தாண்டியது. வெளிநாட்டில் அதே விலையில் இருந்த பாகம் இங்கே ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியது. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். கப்பல் கூலி, சுங்க வரி, நிறுவனத்தின் இலாபம் எல்லாம் இதற்கு மேல்.

ஆகவே "ஏன் இவ்வளவு விலை?" என்று சண்டை பிடித்துப் பயனில்லை. எஸ்டிமேட்டில் உள்ள பாகம் உண்மையில் பழுதாகியிருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதைத்தான் நாங்கள் கேட்காமல் விட்டோம். அதுவும் இரண்டாவது தடவையாக.

கொம்பியூட்டர் சொல்வது என்ன?

அதற்கு ஒரு வருடத்துக்கு முன்னர், அதே கார் ஓடும்போது உதறியது. முகவர் நிறுவனத்தில் ஸ்கேன் செய்து, இக்னிஷன் கொயில்கள் எல்லாவற்றையும் மாற்றினார்கள். இரண்டு இலட்சத்துக்கு மேல் கட்டினோம். மூன்று வாரத்தில் உதறல் திரும்பி வந்தது. இறுதியில், காற்று உள்ளே செல்லும் பக்கத்தில் ஒரு இறப்பர் குழாய் வெடித்திருந்ததை எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர் கண்டுபிடித்தார். கழற்றிய பழைய கொயில்களைக் கேட்டுப் போனபோது அவை குப்பைக்குப் போய்விட்டன என்றார்கள். அவை பழுதா இல்லையா என்று இனி யாருக்கும் தெரியாது.

இதில் ஒரு அடிப்படை விடயம் இருக்கிறது. ஸ்கேன் இயந்திரம் காட்டும் இலக்கம் நோயின் பெயர் அல்ல, நோயின் அறிகுறி. பி0301 என்ற இலக்கம் வந்தால், முதலாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்பதே அர்த்தம். காரணம் கொயிலாக இருக்கலாம், பிளக்காக இருக்கலாம், இன்ஜெக்டராக இருக்கலாம், காற்றுக் கசிவாகவும் இருக்கலாம்.

கொயில்தானா என்று பார்ப்பதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. முதலாவது சிலிண்டரின் கொயிலை இரண்டாவதில் மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். இலக்கம் பி0302 என்று மாறினால் பழுது கொயிலில். மாறாமல் பி0301 என்றே நின்றால் கொயிலில் குற்றமில்லை. பத்து நிமிட வேலை. இதைச் செய்தீர்களா என்று நாங்கள் கேட்டிருந்தால் இரண்டு இலட்சம் மிச்சமாகியிருக்கும்.

முழுப் பாகமா, உள்ளே ஒரு துண்டா?

இனி கியர்பொக்ஸுக்கு வருவோம். தம்பியின் காரில் இருப்பது இரட்டை கிளட்ச் கியர்பொக்ஸ். 1980களில் போர்ஷ நிறுவனம் பந்தயக் கார்களில் ஓட்டிப் பார்த்த இந்த முறை, 2003 இல் வொக்ஸ்வேகன் மூலம் பொதுமக்களின் கார்களுக்கு வந்தது. ஒரு கிளட்ச் 1, 3, 5 போன்ற ஒற்றை கியர்களுக்கு, மற்றது 2, 4, 6 என்ற இரட்டை கியர்களுக்கு. ஒன்று ஓடும்போது அடுத்தது தயாராக நிற்பதால் கியர் மாறுவது தெரியாது. இந்த இரண்டு கிளட்ச்களையும் ஒயில் அழுத்தத்தால் இயக்குவது மெக்கட்ரொனிக் என்ற பகுதி. ஒயில் வழிகள், அவற்றைத் திறந்து மூடும் சொலனொய்ட் வால்வுகள், அழுத்தத்தை அளக்கும் சென்சர்கள், ஒரு சிறு கொம்பியூட்டர் எல்லாம் அதில் ஒன்றாக இருக்கும்.

தம்பியின் காரில் இரட்டை கியர்கள் மட்டும் விழவில்லை. ஒற்றை கியர்கள் நன்றாக வேலை செய்தன. இதுவே ஒரு தடயம். முழு கியர்பொக்ஸும் உடைந்திருந்தால் இப்படிப் பாதி மட்டும் ஒழுங்காக வேலை செய்வது கடினம்.

அப்படியென்றால் ஏன் முழுவதையும் மாற்றச் சொன்னார்கள்? முகவர் நிறுவனங்கள் பல, உள்ளிருக்கும் சிறு துண்டைத் திருத்துவதில்லை. முழுப் பாகமாக மாற்றி, அதற்கு உத்தரவாதம் கொடுப்பதே அவர்களுடைய நடைமுறை. நேரம் மிச்சம், திரும்பி வரும் பிரச்சினையும் குறைவு. அவர்களுக்கு அது சரியான வழி. செலவு மட்டும் எங்களுடையது.

சிறு துண்டு ஒன்று பெரிய செலவாக மாறுவது உலகம் முழுக்க நடக்கிறது. போர்ஷ 911, பொக்ஸ்டர் கார்களில் இடைநிலைத் தண்டின் பெயரிங் ஒன்று தேய்ந்து, இயந்திரம் முழுவதும் நாசமான சம்பவங்கள் பல. 2001 முதல் 2005 வரையான கார்களுக்காக அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டு வழக்குத் தொடர்ந்து, 2013 இல் இணக்கப்பாடு ஏற்பட்டது. பற்றுச்சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்குத்தான் அதில் கேட்பதற்கு வழி இருந்தது.

நாங்கள் செய்தது

நான் தம்பியுடன் மீண்டும் முகவர் நிறுவனத்துக்குப் போனேன். மூன்று விடயங்களை மரியாதையாகக் கேட்டோம். ஸ்கேன் அறிக்கையின் பிரதி. எந்தச் சோதனையை வைத்து கியர்பொக்ஸ் பழுது என்று முடிவெடுத்தீர்கள்? பாகம், கூலி, வரி மூன்றையும் பிரித்து, பாக இலக்கத்துடன் எழுதிய எஸ்டிமேட்.

அறிக்கையை உடனே தந்தார்கள். இரட்டை கியர்களின் கிளட்சுக்கான ஒயில் அழுத்தம் சரியில்லை என்பதே அதில் இருந்தது. கியர்பொக்ஸைத் திறந்து பார்த்திருக்கவில்லை.

அந்த அறிக்கையுடன், கொழும்புக்கு வெளியே கியர்பொக்ஸ் வேலை மட்டும் செய்யும் ஒருவரிடம் போனோம். அவர் ஒயிலை வடித்து, அடிப்பகுதியில் இருந்த காந்தத்தை எங்களுக்குக் காட்டினார். அதில் மெல்லிய சேறு மட்டும் இருந்தது. "இதில இரும்புத் துண்டு இருந்திருந்தா நானும் முழுசா மாத்தத்தான் சொல்லுவன்" என்றார். பின்னர் சொலனொய்ட்களை மீட்டரால் ஒவ்வொன்றாக அளந்தார். ஒன்றில் மின்சாரமே ஓடவில்லை. உள்ளே கம்பி அறுந்திருந்தது.

சொலனொய்ட், புதிய ஒயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 5 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. ஆறு மாத உத்தரவாதம் எழுதித் தந்தார். கடைசி வேலை மட்டும் அவரால் முடியவில்லை. கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதைக் கொம்பியூட்டருக்குப் புதிதாகப் பழக்க வேண்டும். அதற்கான மென்பொருள் முகவர் நிறுவனத்திடம்தான் இருந்தது. அங்கே போய் 45 ஆயிரம் ரூபா கட்டினோம். மறுக்காமல் செய்து தந்தார்கள். வேலை முடிந்ததும் அங்கிருந்த சேவை அதிகாரி சொன்ன வார்த்தைதான் மனதில் நிற்கிறது: "முதல் நாளே கேட்டிருந்தா அறிக்கையைத் தந்திருப்பமே சேர், யாரும் கேட்கிறதில்லை."

எப்போது வெளியே போகக் கூடாது?

எல்லோருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். காந்தத்தில் உலோகத் துண்டுகள் இருந்திருந்தால், 34 இலட்சம்தான் உண்மையான விலையாக இருந்திருக்கும். கார் இன்னும் நிறுவன உத்தரவாதக் காலத்தில் இருந்தால் வெளி கராஜில் கை வைக்க விட வேண்டாம். பிரேக், ஸ்டியரிங், எயார்பேக் ஆகியவற்றில் மலிவைத் தேட வேண்டாம். பஞ்சிகாவத்தையில் பழைய பாகம் வாங்குவதென்றால், கழற்றிய பாகத்தின் இலக்கத்தையும் வாங்கும் பாகத்தின் இலக்கத்தையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். தோற்றத்தில் ஒன்றாக இருக்கும் சென்சர்கள் உள்ளே வேறாக இருக்கும்.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது

அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012 இல் வாக்களித்து, கார் நிறுவனங்கள் பழுது பார்க்கும் தகவல்களை வெளி கராஜ்களுக்கும் கொடுக்க வேண்டும் என்ற சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். எங்களிடம் அவ்வளவு தூரம் இல்லை. ஆனால் கையில் எதுவும் இல்லை என்றும் சொல்ல முடியாது.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும். சேவை வழங்குபவர் உரிய கவனத்துடனும் திறனுடனும் வேலை செய்வார் என்ற உத்தரவாதம், எழுதப்படாவிட்டாலும் அந்த ஒப்பந்தத்தில் அடங்கியிருக்கிறது. முறைப்பாட்டை எழுத்து மூலம், சேவை பெற்று மூன்று மாதங்களுக்குள் அதிகார சபையிடம் கொடுக்க வேண்டும். தொலைபேசி இலக்கம் 1977. எங்கள் கொயில் விவகாரத்தில் இது தெரிய வந்தபோது மூன்று மாதம் கடந்துவிட்டது. பழைய பாகமும் கையில் இல்லை.

ஆகவே வாகனத்தை ஒப்படைக்கும் நாளிலேயே, வேலைச் சீட்டில் இரண்டு வரிகளை எழுதச் சொல்லுங்கள்: "அனுமதியின்றி மேலதிக வேலை செய்யக் கூடாது. கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்." இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

தம்பியின் கார் அந்த வருடக் கடைசியில் விற்கப்பட்டது. வாங்கியவரிடம் பழுது, அறிக்கை, பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் காட்டியே கொடுத்தோம். அவர் விலையைக் குறைக்கவில்லை. என்ன பழுது, என்ன செய்தோம் என்பது எழுத்தில் இருந்ததால் நம்பிக்கை வந்தது என்றார். வீட்டுக்குக் கூரை போட்டாகிவிட்டது.

கேள்வி கேட்டால் கையில் காசில்லை என்று நினைத்துவிடுவார்களே என்ற வெட்கம் எங்களுக்கு ஒரு தடவை இரண்டு இலட்சத்துக்கு மேல் செலவு வைத்தது. இரண்டாவது தடவை 34 இலட்சத்தைக் கொண்டுபோகப் பார்த்தது. உங்கள் காருக்கு எஸ்டிமேட் வரும் நாளில் கையெழுத்து வைக்க முன்னர், "இதுதான் பழுது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று ஒரு தடவை கேளுங்கள்.