கல்யாண ஜவுளிக்கு சென்னை போறீங்களா? தி.நகர்லயே ரூம் போடலாமா, தள்ளித் தங்கலாமா: ஒரு ஆடிட்டர் கணக்கு



தை, மாசி முகூர்த்தம் நெருங்கினாலே நம்ம விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வாசகர்கள்கிட்ட இருந்து ஒரே மாதிரி கேள்வி வரும். "சார், பொண்ணு கல்யாணத்துக்கு தி.நகர் போறோம். ரெண்டு நாள் ஆகும். அங்கேயே ரூம் போட்டா வாடகை கூடுதலா இருக்கு. தாம்பரத்துல தங்கினா பாதி விலை. எது லாபம்?"

வாடகையை மட்டும் பார்த்தா தாம்பரம்தான் லாபம். ஆனா ரூம் வாடகைங்கறது தங்கும் செலவில் ஒரு பகுதிதான். மீதியை யாரும் எழுதி வைக்கறதில்லை. இன்னிக்கு அதை எழுதிப் பார்ப்போம்.

முதல்ல, எதில் போய் இறங்கப் போறீங்க?

கோலியனூர்ல இருந்து ஒரு குடும்பம் கிளம்புதுன்னு வைச்சுக்கலாம். அப்பா, அம்மா, கல்யாணப் பொண்ணு, அத்தை, முழங்கால் வலியோட ஒரு பாட்டி. மொத்தம் 5 பேர். அவங்களுக்கு மூணு வழி இருக்கு.

பஸ்ஸில் போனா, 2023 டிசம்பர் 30-ல் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தோட நம்ம ஊர்ப் பக்கத்து வண்டிங்க நின்னுடும். அங்கிருந்து தி.நகர் சுமார் 30 கி.மீ. இன்னொரு பஸ்ஸோ, எலக்ட்ரிக் ட்ரெயினோ, கால் டாக்ஸியோ பிடிக்கணும்.

காரில் போனா விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர்னு 3 டோல். அப்புறம் தி.நகர்ல வண்டியை எங்க விடறதுங்கற கவலை. பாண்டி பஜார் பக்கம் தணிகாசலம் சாலையில் பல அடுக்கு பார்க்கிங் இருக்கு. பண்டிகை நேரத்தில் அதுக்கும் வரிசை நிக்கணும்.

ரயிலில் போனா விழுப்புரம் ஜங்ஷனில் ஏறி சுமார் இரண்டரை மணி நேரம். சில வண்டிங்க மாம்பலத்திலேயே நிக்கும். இல்லேன்னா தாம்பரத்தில் இறங்கி எலக்ட்ரிக் ட்ரெயின். மாம்பலம் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தா ரங்கநாதன் தெரு. ஸ்டேஷனையும் தி.நகர் பஸ் ஸ்டாண்டையும் இணைக்கிற ஆகாய நடைபாதை 2023 மே மாசம் திறந்தாச்சு. அரை கிலோமீட்டருக்கு மேல நீளம். பாட்டியை ரங்கநாதன் தெரு நெரிசல்ல இழுத்துட்டுப் போக வேண்டியதில்லை.

நீங்க எதில் போறீங்களோ, அதை வைச்சுத்தான் எங்க தங்கறதுன்னு முடிவு பண்ணணும். பல பேர் ரூமை முதல்ல புக் பண்ணிட்டு, அப்புறம்தான் வழியைத் தேடறாங்க.

இப்ப கணக்கு

கீழே இருக்கிற வாடகை, வண்டிச் செலவு எல்லாம் உதாரணத்துக்கு நான் எடுத்துக்கிட்ட எண்கள். நீங்க புக் பண்ற அன்னிக்கு வர்ற விலையைப் போட்டுக்கோங்க. 2 ரூம், 2 இரவு.

தி.நகர், பாண்டி பஜார் அருகே: ரூம் 4,000 ரூபாய். 4 ரூம்-இரவுக்கு 16,000. ஜி.எஸ்.டி 5% சேர்த்து 16,800. ஆட்டோ செலவு ஒரு 800. மொத்தம் 17,600.

தாம்பரம்: ரூம் 1,800 ரூபாய். 4 ரூம்-இரவுக்கு 7,200. வரியோட 7,560. காலையில் போக எலக்ட்ரிக் ட்ரெயின், ரெண்டு நாளுக்கும் சேர்த்து 5 பேருக்கு 100 ரூபாய் வைச்சுக்கலாம். ராத்திரி கட்டப்பைகளோட திரும்ப பெரிய கார், தடவைக்கு 900. ரெண்டு நாளுக்கு 1,800. மொத்தம் 9,460.

மேற்கு மாம்பலம், அதாவது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்: ரூம் 2,200 ரூபாய். 4 ரூம்-இரவுக்கு 8,800. வரியோட 9,240. ஆட்டோ 600. மொத்தம் 9,840.

ரெண்டு நாளும் ஊரிலிருந்தே போய் வந்தா: ரயில், ஸ்டேஷன் ஆட்டோ எல்லாம் சேர்த்து நாளுக்கு 1,400. மொத்தம் 2,800.

இந்த நாலையும் பக்கத்துல பக்கத்துல வைச்சுப் பாருங்க. தி.நகருக்கும் தாம்பரத்துக்கும் வித்தியாசம் 8,140 ரூபாய். ஆனா மேற்கு மாம்பலத்துக்கும் தாம்பரத்துக்கும் வித்தியாசம் வெறும் 380 ரூபாய்தான். அந்த 380 ரூபாய்க்கு என்ன கிடைக்குது? தாம்பரத்துல இருந்து வாசலுக்கு வாசல் ஒரு மணி நேரம்னு வைச்சாலும், 4 தடவைக்கு 4 மணி நேரம். 5 பேருடைய 4 மணி நேரம்.

கடைத்தெருவுக்கு நடுவுல தங்கறதும், ஊருக்கு வெளியே போய்த் தங்கறதும் மட்டும்தான் வழின்னு நினைச்சுக்கறோம். ஒரு பாலம் தாண்டி, ஒரு ஸ்டேஷன் தள்ளி எப்பவும் மூணாவது வழி ஒண்ணு இருக்கும். மேற்கு மாம்பலம், கோடம்பாக்கம், சைதாப்பேட்டை எல்லாம் அந்த வகை.

7,500 ரூபாய்ங்கற கோடு

சில பேர், "ஒரு தடவைதான் சார் கல்யாணம், நல்ல இடமாவே தங்கிடலாம்"னு நுங்கம்பாக்கம் காதர் நவாஸ் கான் சாலை பக்கம் ரூம் பார்ப்பாங்க. சென்னையில் பெரிய பிராண்டு கடைகள் இருக்கிற தெரு அது. தாராளமா தங்குங்க. ஆனா ஒரு வரி விஷயம் தெரிஞ்சுக்கோங்க.

2025 செப்டம்பர் 22-ல் இருந்து, ஒரு ரூமுக்கு ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகைன்னா ஜி.எஸ்.டி 5%. அதுக்கு மேல போனா 18%. வரி மேலே இருக்கிற தொகைக்கு மட்டும் கிடையாது, முழு வாடகைக்கும்.

7,400 ரூபாய் ரூம்: வரி 370. கட்டறது 7,770.
7,600 ரூபாய் ரூம்: வரி 1,368. கட்டறது 8,968.

வாடகையில் 200 ரூபாய் வித்தியாசம், பில்லில் 1,198 ரூபாய் வித்தியாசம். போர்டுல போட்டிருக்கிற ரேட்டு முக்கியமில்லை, உங்ககிட்ட உண்மையில் வாங்கற வாடகைதான் கணக்கு. 8,200 ரூபாய் ரூமை தள்ளுபடியில் 7,400-க்குக் கொடுத்தா 5%தான். அதனால் 7,500-ஐ ஒட்டி வர்ற ரூமுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுப் பாருங்க.

சாப்பாட்டிலும் இதே கதைதான். முந்தைய நிதியாண்டில் 7,500-க்கு மேல ரூம் கொடுத்த ஓட்டலுக்குள்ளே இருக்கிற ரெஸ்டாரண்டில் சாப்பிட்டா 18% வரி. வெளியே தெருமுனை டிபன் கடையில் 5%. 5 பேர் ரெண்டு நாள் சாப்பிடறதுக்கு இது சின்ன தொகை இல்லை.

கடை வைச்சிருக்கிற அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை: பொண்ணு கல்யாணத்துக்குத் தங்கின ஓட்டல் பில்லை கடை ஜி.எஸ்.டி நம்பர்ல போட்டு இன்புட் கிரெடிட் எடுக்கலாமான்னு கேக்காதீங்க. சொந்தச் செலவு, கிடையாது.

அப்ப தி.நகர்ல தங்கறது வீண் செலவா?

இல்லை. இங்கதான் பல பேர் கணக்கு தப்புது.

நகை வாங்கறதை எடுத்துக்கோங்க. 10 சவரன்னா 80 கிராம். சேதாரத்தில் 1% குறைச்சுப் பேசினா 0.8 கிராம் மிச்சம். அதை அன்னிக்கு இருக்கிற கிராம் விலையால பெருக்குங்க. அதுக்கு மேல 3% ஜி.எஸ்.டி வேற மிச்சம். மேலே பார்த்த 8,140 ரூபாய் வித்தியாசம் ஏறக்குறைய இந்த ஒத்தை சதவீதத்திலேயே வந்துடும்.

அந்த ஒரு சதவீதத்தை எப்ப விட்டுக் கொடுக்கறோம்? சாயந்திரம் ஏழு மணிக்கு, கால் வலிக்க, பாட்டி ஸ்டூல்ல உக்காந்து "போலாமா போலாமா"ன்னு கேட்டுட்டு இருக்க, கடைசி ரயிலைப் பிடிக்கணும்ங்கற அவசரத்தில். காலையில் 5 மணிக்குக் கோலியனூர் கூட்ரோட்ல கிளம்பின குடும்பத்துக்கு அந்த நேரத்தில் பேரம் பேசத் தெம்பு இருக்காது. நாலாவது கடை ஏறி விலை விசாரிக்கவும் மாட்டாங்க. வாடகையில் மிச்சம் பிடிச்ச பணம் சேதாரத்தில் போயிடும்.

பக்கத்துல ரூம் இருந்தா மத்தியானம் ஒரு மணி நேரம் படுத்து எழுந்து, மூணு கடையில் எழுதி வாங்கின விலைச் சீட்டை வீட்டாரோட உக்காந்து ஒப்பிட்டு, மறுநாள் காலையில் தெளிவாப் போய் வாங்கலாம். தி.நகர் வாடகையில் நீங்க வாங்கற பொருள் இந்த நிதானம்தான். அதைப் பயன்படுத்தப் போறீங்கன்னா வாடகை சரி. ரூமைப் போட்டுட்டு ராத்திரி பத்து மணிக்குத்தான் உள்ளே நுழையப் போறீங்கன்னா, தள்ளியே தங்கலாம்.

இதுக்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. கீழே இறங்கினா கடைங்கற இடத்துல தங்கினா, சும்மா நடந்து வரலாம்னு போய் கையில் நாலு பையோட வருவோம். பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கினதில் இருந்து நடக்கறதுக்கே அருமையான இடமா ஆயிடுச்சு, பர்ஸுக்குத்தான் கஷ்டம். பட்டியலை வீட்லயே எழுதி, ஒவ்வொரு வரிக்கும் உச்சவரம்பு போட்டு, அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு ஒரு காப்பி வைச்சுக்கோங்க.

போறதுக்கு முன்னாடி இதை முடிவு பண்ணுங்க

1. ஒரு நாளில் எத்தனை தடவை ரூமுக்குத் திரும்ப வேண்டியிருக்கும்? வயசானவங்க, கைக்குழந்தை, சுகர் மாத்திரை சாப்பிடறவங்க இருந்தா ரெண்டு தடவையாவது ஆகும். அப்ப நடக்கற தூரத்தில் தங்குங்க. ஒரே தடவைன்னா ஒரு ஸ்டேஷன் தள்ளித் தங்குங்க. திரும்பவே வேண்டாம்னா ரூமே வேண்டாம், ரெண்டு தடவை ஊர்லயிருந்து போய் வாங்க.

2. முதல் நாள் புடவை, ஜவுளி. நகை கடைசி நாள் காலையில். வாங்கினதும் நேரா வீடு. நகையை ஓட்டல் ரூமில் ஒரு ராத்திரி வைக்கற மாதிரி திட்டம் போடாதீங்க. ரூம் லாக்கர்ல வைச்சதுக்கு ஓட்டல்காரங்க முழுப் பொறுப்பு ஏத்துப்பாங்கன்னு நம்பவும் வேண்டாம்.

3. ஒவ்வொரு நகையிலும் 6 இலக்க எச்.யு.ஐ.டி எண் இருக்கணும். 2023 ஏப்ரல் 1-ல் இருந்து கட்டாயம். கடையிலேயே பி.ஐ.எஸ் கேர் ஆப்பில் போட்டுப் பாருங்க.

4. மடியில் ரொக்கம் கட்டிக்கிட்டுப் போற பழக்கத்தை விடுங்க. ஒரே ஆள்கிட்ட 2 லட்சம் ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா கடைக்காரர் வாங்கக் கூடாது. வாங்கினா அதே தொகை அவருக்கு அபராதம். "ரெண்டு பில்லா, ரெண்டு நாளா போட்டுக்கலாம்"னு சொன்னாலும் ஒரே விசேஷத்துக்கான வாங்கல் ஒண்ணாத்தான் பார்க்கப்படும். தேர்தல் நேரத்தில் ஆவணம் இல்லாம 50,000 ரூபாய்க்கு மேல எடுத்துப் போனா பறக்கும் படை பிடிச்சு வைக்கும். கார்டு, யூ.பி.ஐ லிமிட்டை பேங்க் ஆப்பில் பார்த்துட்டுக் கிளம்புங்க. 2 லட்சத்துக்கு மேல வாங்கினா பான் எண் கேட்பாங்க, கார்டு கையில் இருக்கட்டும்.

5. சென்னைக்குப் போகத்தான் வேணுமான்னும் ஒரு தடவை கேட்டுக்கோங்க. கோலியனூர்ல இருந்து பாண்டிச்சேரி நேரு வீதி ஒரு மணி நேரத்துக்குள்ள. வாட் காலத்தில் அங்க ஒரு வரி, இங்க ஒரு வரி. 2017 ஜூலை 1-க்கு அப்புறம் ஜி.எஸ்.டி ரெண்டு இடத்திலும் ஒண்ணுதான். மாப்பிள்ளை கோட்டு சூட்டை எங்க வாங்கினாலும், ஒரு உருப்படி 2,500 ரூபாயைத் தாண்டினா 18%. பட்டுப்புடவைக்கு எங்க வாங்கினாலும் 5%. வரியை வைச்சு ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ரகம் வேணும்னா சென்னை. உள்ளாடை, துண்டு, வேட்டி, சீர் பாத்திரத்துக்கு விழுப்புரமே போதும்.

வெளிநாடு போறவங்களுக்கும் இதே கணக்குதான்

மகனைப் பார்க்க சிங்கப்பூர் போறவங்க ஆர்ச்சர்ட் ரோட்ல தங்கலாமான்னு கேக்கறாங்க. ஆர்ச்சர்ட் அங்க இருக்கிற பெரிய கடைத்தெரு. லிட்டில் இந்தியாவில் தங்கினா எம்.ஆர்.டி-யில் ஒரு ஸ்டாப்பில் டோபி காட், அங்க மாறினா ரெண்டாவது ஸ்டாப் ஆர்ச்சர்ட். முஸ்தபா கடை நடக்கற தூரம், நம்ம சாப்பாடும் கீழேயே. அங்க ஓட்டல் விலைக்குப் பக்கத்தில் ரெண்டு கூட்டல் குறி போட்டிருந்தா, சேவைக் கட்டணம் 10%, அதுக்கு மேல ஜி.எஸ்.டி 9% தனின்னு அர்த்தம். 200 டாலர் ரூம் 239 டாலர் 80 காசு ஆயிடும். சேர்த்துக் கணக்குப் போட்டுட்டு புக் பண்ணுங்க.

ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, வாடகை, வரி, வண்டி, நேரம்னு நாலு வரி எழுதுங்க. நேரத்துக்கு நேரே பாட்டியோட முழங்காலையும் எழுதிக்கோங்க. பத்து நிமிஷ வேலை. உங்க குடும்பத்துக்கு எந்த வழி சரியா வந்ததுன்னு கமெண்ட்ல எண்களோட சொல்லுங்க, மத்தவங்களுக்கும் உதவும். பழைய நகையைப் போட்டு புதுசு வாங்கறப்ப பில்லில் என்னென்ன பார்க்கணும்ங்கறதை அடுத்த பதிவிலும் வீடியோவிலும் பார்ப்போம்.