எல்லைக்கு அப்பால் நின்றுபோன ஒரு வழக்கறிஞரின் கோரிக்கை

புது தில்லி: கன்னியாகுமரி மாவட்டத்தின் களியக்காவிளையைக் கடந்தால் கேரளத்தின் பாறசாலை. 1956 நவம்பர் 1-ம் தேதி இங்கு மாநில எல்லை வகுக்கப்பட்டபோது யாரும் ஊரைவிட்டுப் பெயரவில்லை. ஆயினும் நெய்யாற்றின்கரை வட்டத்துத் தமிழர்கள், பக்கத்து வட்டத்து உறவினர்களிடமிருந்து பிரிந்து வேறு மாநிலத்தின் மொழிச் சிறுபான்மையினர் ஆனார்கள்.

இந்த வட்டமும் தமிழகத்துடன் இணைய வேண்டும் என்று கோரியவர்களில் முதன்மையானவர் வழக்கறிஞர் ஏ. நேசமணி. அவர் பெற்றதும் இழந்ததும் இந்த எல்லையிலேயே தெரிகின்றன.

நீதிமன்றத்திலிருந்து நகராட்சிக்கு

விளவங்கோடு வட்டம் பள்ளியாடியில் 1895-ல் பிறந்த நேசமணி, திருவனந்தபுரத்தில் சட்டம் பயின்று நாகர்கோவிலில் தொழிலைத் தொடங்கினார். உயர் சாதி வழக்கறிஞர்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி என்றிருந்த வழக்கத்தை அவர் எதிர்த்து ஒழித்தார் என்பது குமரி மாவட்டத்தில் இன்றும் பேசப்படும் செய்தி.

நாகர்கோவில் நகராட்சித் தலைவராகவும் பணியாற்றிய அவர், 1947-ல் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசில் சேர்ந்தார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய வட்டங்களைத் தமிழகத்துடன் இணைப்பதே அக்கட்சியின் கோரிக்கை.

மக்களவையில்

நாட்டின் முதல் பொதுத் தேர்தலில் நாகர்கோவில் தொகுதியிலிருந்து நேசமணி மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1954 தேர்தலில் திருவிதாங்கூர்-கொச்சி சட்டப்பேரவையில் அவரது கட்சி 12 இடங்களைப் பிடித்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தியதில் போராட்டக்காரர்கள் உயிரிழந்தனர். ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப்பிள்ளை தலைமையிலான பிரஜா சோஷலிஸ்ட் அரசு. அக்கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியாவே தம் கட்சி அரசு பதவி விலக வேண்டும் என்றார். உள்ளூர்ப் பிரச்சினையாக இருந்தது தேசிய விவாதமாயிற்று.

பாசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955-ல் அறிக்கை அளித்தது. தெற்கே நான்கு வட்டங்களும் செங்கோட்டைப் பகுதியும் தமிழகத்துக்குக் கிடைத்தன. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியவை கேரளத்திலேயே நின்றன.

நேசமணி பின்னர் காங்கிரஸ் சார்பில் சென்னை மாகாண சட்டப்பேரவை உறுப்பினரானார். 1962, 1967 தேர்தல்களில் மீண்டும் மக்களவை உறுப்பினரானார். 1968 ஜூன் 1-ல் அவர் மறைந்ததால் காலியான நாகர்கோவிலில்தான் 1969 ஜனவரி இடைத்தேர்தலில் காமராஜர் வென்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

எஞ்சிய பிரச்சினைகள்

பிரிந்தது நிலம் மட்டுமல்ல, நீரும்தான். காட்டாக்கடை அருகே உள்ள நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய், விளவங்கோடு வட்டத்தில் சுமார் 9,200 ஏக்கருக்குப் பாசனம் அளிப்பதற்கானது. 2004-ல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. நெய்யாறு மாநிலங்களுக்கு இடையிலான நதி அல்ல என்பது கேரளத்தின் வாதம். உரிமை கோரித் தமிழகம் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

எல்லைக்கு அப்பால் உள்ளவர்களுக்கு அரசியல் சாசனம் ஒரு வழி வைத்துள்ளது. மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது 7-வது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்யுமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொள்கிறது. 350-பி பிரிவு இதைக் கண்காணிக்கத் தனி அதிகாரியை நியமிக்கச் சொல்கிறது. அவரது அறிக்கைகள் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். கேரளத்தின் 1969-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழர்கள் அரசுடன் தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளிக்கிறது.

நிலத்தைக் கேட்டு வாதாட நேசமணி மக்களவையில் இருந்தார். நீரையும் பள்ளிக்கூடத்தையும் கேட்டு வாதாட, எல்லையின் இருபுறத்து உறுப்பினர்களுக்கும் அதே அவை இருக்கிறது.