டெல்லி – டோக்கியோ: போக ஏழரை, வர ஒன்பதரை

டெல்லியிலிருந்து டோக்கியோ போக விமானத்துக்கு ஏறத்தாழ ஏழரை மணி நேரம். திரும்பி வர ஒன்பதரை. ஊர்கள் இரண்டும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. அந்த இரண்டு மணி நேரம் எங்கிருந்து வந்தது? அடுப்படியில் ஒரு தர்பூசணி இருந்தால் போதும், விளங்கிவிடும்.

காம்பு மேலே வரும்படி பழத்தை ஒரு கிண்ணத்தில் நிறுத்துங்கள். காம்பு வடதுருவம். அங்கிருந்து இறங்கும் கரும்பச்சை வரிகள் தீர்க்கரேகைகள். இடுப்பிலிருந்து காம்புவரை மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் டெல்லிக்கு ஒரு கிராம்பைக் குத்துங்கள். வலப்பக்கம், சுற்றளவில் ஆறில் ஒரு பங்கு தள்ளி, சற்று மேலே டோக்கியோவுக்கு இன்னொன்று. இரண்டிலும் பூத்தொடுக்கும் நூலைச் சுற்றி இழுத்துப் பிடித்தால், நூல் காம்புப் பக்கமாக நழுவி மேலேறும். உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி அதுதான்: சுமார் 5,850 கி.மீ. பாதி வழியில், சீனாவின் கான்சு மாகாணத்துக்கு மேலே, நூல் டோக்கியோவையும்விட வடக்கே இருக்கும். தட்டையான மெர்க்கேட்டர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அப்படியே பறந்தால் 100 கி.மீ. அளவுக்குக் கூடிவிடும்.

ஆனால் விமானம் நூல் வழியே போவதில்லை. நூல் இமயமலையைத் தாண்டித் திபெத்துக்குள் நுழைகிறது. அங்கே தரையே 4,000 மீட்டருக்கு மேல். பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் போய்விட்டால் விமானி உடனே 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். தலைக்கு மேலிருந்து விழும் முகமூடியில் பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குத்தான் ஆக்சிஜன். திபெத்தின் மேல் இறங்க இடம் ஏது? அதனால் வங்கதேசம், மியான்மர், சீனாவின் குன்மிங் என்று தெற்கே சுற்றிப் போகிறார்கள். சில நூறு கி.மீ. கூடினாலும் பயணிகளின் உயிருக்காகக் கொடுக்கிற விலை அது, சரியான விலை.

இனி பழத்தின் மேல் ஒரு ஈரத்துணியைப் போர்த்தி, அதில் ஓர் எறும்பை விடுங்கள். துணி காற்று, எறும்பு விமானம். துணியை மெல்ல வலப்பக்கம் இழுத்தால், டோக்கியோவுக்குப் போகும் எறும்பு சீக்கிரம் சேரும். டெல்லிக்குத் திரும்பும் எறும்பு அதே நடை நடந்தும் பின்தங்கும். விமானம் காற்றைக் கிழித்துப் போகும் வேகம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. மேற்கிலிருந்து 100 கி.மீ. காற்று வீசினால், தரைக்கு மேல் போகும்போது 1,000, வரும்போது 800. போகையில் மிச்சமாவது வருகையில் சரிக்குச் சரி கழிந்துவிடாது. 6,000 கி.மீ. தூரத்தில் லாபம் 40 நிமிடம், நஷ்டம் 50. எதிர்க்காற்றில் இருக்கும் நேரமே அதிகம் அல்லவா?

உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் இந்தக் காற்றை 1920-களில் பலூன் பறக்கவிட்டு அளந்தவர் ஜப்பானிய வானிலையாளர் வசாபுரோ ஓயிஷி. உலகமே படிக்கட்டும் என்று 1926-இல் எஸ்பெராந்தோ மொழியில் எழுதினார். வெளிநாட்டில் அதைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே இது மணிக்கு 300 கி.மீ. வேகத்தையும் தொடும். கோடையில் தளர்ந்து வடக்கே விலகிவிடும். அப்போது போக, வர வித்தியாசமும் குறையும்.

டிக்கெட்டில் இந்தப் போக, வர வித்தியாசம் தலைகீழாகத் தெரியும். இரவு 8 மணிக்கு டெல்லியில் ஏறினால் காலை 7 மணிக்கு டோக்கியோ: பதினொரு மணி நேரம் போல. அங்கே காலை 11 மணிக்கு ஏறினால் மாலை 5 மணிக்கே டெல்லி: வெறும் ஆறு மணி நேரம் போல. டோக்கியோ கடிகாரம் மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது அதைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள்.